போக்கிமான் அட்டையும் நம் கடை நாணயமும்



பருப்பு, எண்ணெய், தராசு முத்திரை, வரிக் கணக்கு என்று எழுதிப் பழகிய கை இது. இந்த மாதம் நெருப்பு கக்கும் பல்லி, மின்னல் அடிக்கும் எலி என்று எழுதப் போகிறோம். இவருக்கு வயதாகிவிட்டது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். விஷயம் நம் கல்லாவைத் தொடுகிறது, அதனால்தான் எழுதுகிறோம்.

சென்ற கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் எழுந்து, பள்ளிக்கூடத்தை ஒட்டிய கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் போக்கிமான் அட்டைப் பாக்கெட்டுகள் சூதாட்டம், அவற்றை யாரும் விற்கக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போட வேண்டும் என்றார். உடனே இன்னொருவர், "அந்தச் சரத்தைப் பார்த்துத்தான் பிள்ளை அம்மாவை உள்ளே இழுத்து வருகிறது, வந்த அம்மா ஒரு கிலோ ரவையும் வாங்கிப் போகிறார், உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார். அரை மணி நேரம் காரசாரமாகப் போயிற்று. அதற்குள் தேநீர் வந்தது, பேச்சு மழைநீர்க் கால்வாய்க்குத் திரும்பிவிட்டது.

பேசியவர்களில் பாதிப் பேருக்கு அந்த அட்டையில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. குற்றமாகச் சொல்லவில்லை. 2023-ஆம் ஆண்டு வரை நமக்கும் தெரியாது. தெரியாமலேதான் அடையாறு, இந்திரா நகர், கஸ்தூரிபா நகர்க் கடைகளுக்கு மளிகையோடும் மிட்டாயோடும் சேர்த்து அதையும் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நஷ்டம் வந்த பிறகுதான் உட்கார்ந்து தெரிந்துகொண்டோம். நஷ்டக் கதையைப் பிறகு சொல்கிறோம். முதலில் சரக்கைப் பார்ப்போம்.

நமக்கு வாத்தியார் அப்போது ஏழாம் வகுப்பு படித்த நம் பேரன். கடை அடைத்த பிறகு சாக்கு மேல் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். அட்டையின் நடுவில் ஒரு பிராணியின் படம். மேலே அதன் பெயரும், அது எத்தனை அடி தாங்கும் என்கிற எண்ணும் இருக்கும். பிள்ளைகள் இதை 'எச்.பி.' என்கிறார்கள். கீழே அது அடிக்கும் அடிகள், ஒவ்வோர் அடிக்கும் என்ன செலவு, எதிரிக்கு எவ்வளவு சேதம் என்று வரவு செலவுக் கணக்குப் போல எழுதியிருக்கும். அடியில் பலவீனம், எதிர்ப்புச் சக்தி, பின்வாங்குவதற்கு ஆகும் செலவு. நெருப்புப் பிராணிக்குத் தண்ணீர் ஆகாது. இலை தழைப் பிராணிக்கு நெருப்பு ஆகாது. பலவீனத்தில் அடி விழுந்தால் பெரும்பாலும் சேதம் இரட்டிப்பு.

ஓர் ஆளுக்கு 60 அட்டை. ஒரே பெயருள்ள அட்டை 4-க்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, அடிப்படைச் சக்தி அட்டைகள் மட்டும் விதிவிலக்கு. கையில் 7 அட்டை எடுத்துக்கொண்டு, 6 அட்டையைப் பரிசாகக் கவிழ்த்து வைத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். எதிரியின் பிராணியை வீழ்த்தும்போதெல்லாம் தன் பரிசு அட்டைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆறையும் எடுத்தவன் ஜெயித்தான். அடிப்பதற்குச் சக்தி வேண்டும். அந்தச் சக்தி அட்டையைத் தன் முறைக்கு ஒன்றுதான் வைக்க முடியும். இதைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, பொறுத்திருந்து, நேரம் பார்த்துச் சரக்கை இறக்குவது வேறென்ன?

பிராணிகளின் திறமைகளைக் கேட்கக் கேட்க, இதை உண்டாக்கியவர்கள் எங்கேயோ கடை வைத்திருந்தவர்களாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. 'சாரிசார்ட்' என்று ஒன்று, சிறகு முளைத்த நெருப்புப் பல்லி. பிள்ளைகளுக்கு அதன் மேல் உயிர். 1999-இல் ஆங்கிலத்தில் வந்த முதல் தொகுதியில் அது 120 அடி தாங்கும். ஒரே வீச்சில் 100 சேதம் செய்யும். அந்தக் காலத்துக்கு அது பெரிய அடி. ஆனால் அப்படி அடித்தவுடன் தன்மேல் இருக்கும் சக்தியில் 2 அட்டையைக் கழித்துப் போட்டுவிட வேண்டும். தீபாவளிக்கு முதலை எல்லாம் கொட்டிச் சரக்கு வாங்கி ஒரே வாரத்தில் விற்று, கார்த்திகையில் கையைப் பிசைந்து நிற்கும் வியாபாரி நம்மில் எத்தனை பேர்!

'அலகசாம்' என்று இன்னொன்று. ஒரு பிராணிக்கு விழுந்த காயத்தை எடுத்துத் தன் பக்கத்து இன்னொரு பிராணிமேல் வைக்கும் வித்தை அதற்கு உண்டு, எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம், யாரும் சாகாத வரைக்கும். ஒருவரிடம் வாங்கிய பாக்கியை இன்னொருவரிடம் வாங்கி அடைப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'மிஸ்டர் மைம்' என்கிற கோமாளியின் பழைய அட்டை இதைவிட அருமை. 30-க்கு மேற்பட்ட அடியோ சரியாக 30 அடியோ விழுந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது, கண்ணுக்குத் தெரியாத சுவர் தடுத்துவிடும். 10, 20 என்று விழும் சின்ன அடிகள்தான் அதைக் கொல்லும். நம் கடைகளும் இப்படித்தான். பெரிய நஷ்டத்துக்கு ஓடி ஆடி ஏதாவது செய்து பிழைத்துக்கொள்கிறோம். எலி கடித்த மூட்டை, தராசில் போன 10 கிராம், எழுத மறந்த பாக்கி, இவைதான் ஆளைச் சாய்க்கின்றன.

நமக்குப் பிடித்தது ஒரு மீன். 'மேஜிகார்ப்' என்று பெயர். துள்ளுவதைத் தவிர உருப்படியாக ஒன்றும் தெரியாது. முதல் தொகுதியில் அதற்கு எச்.பி. 30-தான். யாரும் சீண்ட மாட்டார்கள். ஆனால் பொறுமையாக வைத்திருந்தால் அதன் மேலேயே அடுத்த அட்டையை வைக்கலாம். 'கியாரடோஸ்' என்கிற பயங்கரமான கடல் நாகமாகிவிடும், எச்.பி. 100. ஆற்றை எதிர்த்து ஏறிய கெண்டை மீன் வாசலைத் தாண்டி டிராகனாக மாறியது என்று சீனத்தில் ஒரு பழங்கதை உண்டு. அந்தச் சாயல் இதில் இருக்கிறது. பேரனிடம் மேஜிகார்ப் அட்டை நாலைந்து கிடந்தது. ஒன்றை வாங்கிக் கல்லாப் பெட்டியில் வைத்திருக்கிறோம். வீட்டில் கேலி செய்கிறார்கள்.

இதெல்லாம் அந்நிய நாட்டுப் பூதம், நம் பிள்ளைகள் புத்தியைக் கெடுக்கிறது என்றும் கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. யானைத் துதிக்கையும் சிங்க உடம்புமாக யாளியைக் கோயில் தூணில் நிறுத்தியவர்கள் நம் முன்னோர். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைச் சொன்னவர்கள், இரண்டு தலைப் பறவைக்குக் கண்டபேரண்டம் என்று பெயர் வைத்தவர்கள் நாம். பிராணிக்கு ஒரு வடிவம், அதற்கென்று ஒரு திறமை என்பது நம் பிள்ளைகளுக்குப் புதிதாக யாரும் கற்றுக்கொடுத்தது இல்லை.

இந்த விளையாட்டு பிறந்த கதையையும் கேளுங்கள். சதோஷி தஜிரி என்கிற ஜப்பானியர் சிறு வயதில் பூச்சி பிடித்துச் சேர்க்கிற பையன். அந்த நினைப்பில்தான் பிராணிகளைப் பிடித்துச் சிறு உருண்டைக்குள் அடைத்து வளர்க்கும் விளையாட்டை உருவாக்கினார். 1996 பிப்ரவரியில் அது ஜப்பானில் கையடக்க வீடியோ விளையாட்டாக வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அட்டை விளையாட்டாகவும் வந்தது. பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்து, கொன்றை இலை போட்டு, முட்டை வைத்திருக்கிறதா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்த நமக்கு இது புரியாதா? அந்த வீடியோ விளையாட்டை வெளியிட்ட நிண்டெண்டோ நிறுவனத்தின் ஆரம்பமும் வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியது. 1889-இல் கியோட்டோ நகரில் பூப்படம் போட்ட சீட்டுக்கட்டு செய்து விற்கும் சிறு கடையாகத்தான் அது தொடங்கியது.

அட்டை சேர்ப்பதும் நமக்குப் பழக்கமானதுதான். சிவகாசி, கோவில்பட்டித் தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்த தலைமுறை நம்முடையது. தெருவில் கிடக்கும் சிகரெட் அட்டையைப் பொறுக்கி, வட்டம் போட்டு, சில்லு எறிந்து விளையாடுவோம். சார்மினார் அட்டை நிறையக் கிடைக்கும், அதனால் மதிப்புக் குறைவு. எப்போதாவது கிடைக்கும் வெளிநாட்டு சிகரெட் அட்டைக்கு மதிப்பு நூறு, இருநூறு. அந்த விலையை நிர்ணயித்தது நாங்களேதான், எந்தக் கம்பெனியும் இல்லை. பிறகு நம் பிள்ளைகள் காலத்தில் பிக் ஃபன் பபிள்கம்மில் கிரிக்கெட் வீரர் படம் வந்தது. அதற்கும் பிறகு, 2000-க்குப் பின் வந்த ஆண்டுகளில், சிப்ஸ் பாக்கெட்டில் 'டாஸோ' என்று வட்டத் தகடு. அதிலேயே போக்கிமான் வந்துவிட்டது. பாக்கெட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்து உள்ளே சிப்ஸைத் தூளாக்கிவிட்டு, இது வேண்டாம் அது வேண்டும் என்று பிள்ளைகள் செய்த அட்டகாசத்தில் நமக்கு எத்தனை பாக்கெட் திரும்பி வந்தது!

ஆகவே படத்தின் மேல் நமக்கு வழக்கு இல்லை. ஆட்டத்தின் மேலும் இல்லை. கூட்டிக் கழித்து, 120-இல் 70 போனால் 50 என்று நொடியில் சொல்லும் பையனைப் பார்த்தால் கடைக்கு எடுத்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

நமக்கு இடறுவது பாக்கெட்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. பத்தில் ஒன்பது அட்டை சாதாரணமானது, எங்காவது ஒன்றில் அரிய அட்டை. அந்த ஒன்றுக்காகத்தான் பிள்ளை மறுபடி மறுபடி வருகிறது. இதை நாம் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1999-இல் அமெரிக்காவில் இது சூதாட்டத்துக்குச் சமம் என்று வழக்குப் போட்டார்கள். பல பள்ளிகள் அட்டையை உள்ளே கொண்டு வரக் கூடாது என்று தடுத்தன. 2001-இல் சவூதி அரேபியாவில் விளையாட்டையே தடை செய்தார்கள். சூதாட்டம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. நம் ஊரிலும் ஒரு காலத்தில் பெட்டிக்கடையில் பெரிய அட்டை தொங்கும். காசு கொடுத்து அதில் ஒட்டிய சீட்டைக் கிழித்தால், எண்ணுக்கு ஏற்ப பலூனோ பிளாஸ்டிக் வாட்சோ கிடைக்கும். பெரிய பரிசு கடைசி வரை அட்டையிலேயே இருக்கும். அதை விற்றவர்களில் நாமும் உண்டு, மறைக்கவில்லை. பெரியவர்களுக்கு லாட்டரி இருந்தது. தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் அரசு அதை நிறுத்தியது. நிறுத்திய பிறகு, அதுவரை சம்பள நாளில் டிக்கெட் கடைக்குப் போன காசு நம் கடைக்கு அரிசியாக வந்ததை நம் கணக்குப் புத்தகத்திலேயே பார்த்தோம்.

இன்னொரு பக்கம் பணம் வேறு தலைக்கேறுகிறது. 1998-இல் ஜப்பானில் ஒரு பத்திரிகையின் ஓவியப் போட்டியில் வென்ற பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுத்த பிக்காச்சு அட்டை ஒன்றை, 2021-இல் ஓர் அமெரிக்கர் 52 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புக் கொடுத்து வாங்கினார். இந்தச் செய்தி நம் தெருப் பிள்ளைகள் வரை வந்துவிட்டது. அது கடையில் விற்ற அட்டை இல்லை, சுமார் 40 பேருக்கு மட்டும் கொடுத்த பரிசு என்கிற விவரம் மட்டும் வந்து சேரவில்லை.

இப்போது நம் நஷ்டத்துக்கு வருகிறோம். 2023 கோடை விடுமுறைக்கு முன்பு, பாரிமுனைப் பக்கம் ஒரு மொத்த வியாபாரியிடம் பொன்னிற அட்டைக் கட்டு பார்த்தோம். மினுமினுவென்று இருந்தது. பெட்டி 90 ரூபாய். 60 பெட்டி எடுத்தோம், 5,400 ரூபாய். பில் கேட்கவில்லை, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்ததை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டோம். நாற்பது வருஷ அனுபவம் அன்றைக்குத் தூங்கிவிட்டது. ஆறு கடைகளுக்கு 110 ரூபாய்க்குப் போட்டோம், கடைக்காரர்கள் 150-க்கு விற்றார்கள்.

இரண்டு வாரம் கழித்து இந்திரா நகர்க் கடைக்காரர் போன் செய்தார். அங்கே ஒரு பையன், ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ. தாய் நாலு வீட்டில் வேலை செய்கிறவர், மாத மளிகை முழுவதும் அந்தக் கடையில்தான். பையனுக்குப் பிறந்த நாளைக்கு மாமா கொடுத்த 200 ரூபாயில் ஒரு பெட்டி வாங்கியிருக்கிறான். பள்ளியில் கொண்டுபோய்க் காட்டியதும் மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். திரும்பி வந்து, "அண்ணாச்சி, இது டூப்ளிகேட்டாம். என்னைச் சேர்த்துக்க மாட்டேங்கறாங்க" என்று கட்டை நீட்டியிருக்கிறான். பிரித்த சரக்கைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று இவர் சொல்லிவிட்டார். நாமாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்போம். பையன் அழவில்லையாம், சண்டையும் போடவில்லையாம். கட்டைக் கடைப் பலகைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அடுத்த மாதம் அந்த அம்மா மளிகைக்கு வரவில்லை.

கடைக்காரர் நம்மிடம் கோபமாகப் பேசவில்லை. "போலின்னு உங்களுக்குத் தெரியுமா, முதலாளி?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்று சொல்லும்போது நமக்கே வெட்கமாக இருந்தது. அரிசியில் கல் இருந்தால் கையில் அள்ளிப் பார்த்தே சொல்கிறவன், விற்கிற அட்டை அசலா போலியா தெரியாது என்று சொல்லலாமா?

ஆறு கடைகளிலிருந்தும் திரும்ப எடுத்தோம். 37 பெட்டி வந்தது. அதற்கு 4,070 ரூபாய் கணக்கில் கழித்தோம். விற்றுப்போன 23-இல் ஒன்பது பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கடைக்காரர்கள் பணம் கொடுத்தார்கள், அந்த 1,350 ரூபாயையும் நாமே ஏற்றோம். எல்லாம் போக 4,220 ரூபாய் கையை விட்டது. பாரிமுனைக்காரரிடம் போனால், "என்னிடம் வாங்கினதற்கு பில் இருக்கா?" என்கிறார். அவர் பேரில் என்ன தப்பு, பில் இல்லாமல் வாங்கியது நாம்தானே.

திரும்பி வந்த கட்டுகளைப் பேரன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினான். பெட்டி முழுவதும் பொன்னிறமாக வருகிறது என்றால் அதுவே போலிக்கு அடையாளம். எச்.பி. ஆயிரம், ஆயிரத்துக்கு மேல் என்று எண் போட்டிருந்தால் போலி. எழுத்துப் பிழை, மங்கிய பின்பக்க நீலம், படத்துக்கும் பெயருக்கும் சம்பந்தம் இல்லாமை, எல்லாம் அதில் இருந்தது. அசல் அட்டையைக் கிழித்தால் நடுவில் கறுப்பாக ஒரு தாள் அடுக்கு தெரியும் என்று தன்னுடைய மேஜிகார்ப் ஒன்றையே கிழித்துக் காட்டினான். நம் பொன் அட்டை வெறும் பிளாஸ்டிக், கிழியவே இல்லை. 'டிட்டோ' என்று ஒரு பிராணி உண்டாம், எதிரே இருப்பதைப் போலவே தன்னை மாற்றிக்கொள்ளுமாம். "அதுகூட இதைவிட நல்லா காப்பியடிக்கும், தாத்தா" என்றான்.

இதில் சட்டமும் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு வர்த்தகச் சின்னச் சட்டத்தின் 104-ஆம் பிரிவின்படி போலி முத்திரைச் சரக்கை விற்பவருக்கும் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. செய்தவன் ஒருவன், விற்றவன் ஒருவன் என்று சட்டம் தள்ளிவிடாது. தெரியாமல்தான் விற்றோம் என்றால் அதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். பில் இல்லாதவன் எதைக் காட்டுவான்? பாக்கெட்டின் மேல் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எண்ணிக்கை, அதிகபட்ச விலை, மாதம், வருஷம் இல்லையென்றால் எடையளவுச் சட்டத்திலும் மாட்டுவோம். பிஸ்கட் பாக்கெட்டில் இவற்றைப் பார்த்து வாங்குகிற நாம், அட்டைப் பாக்கெட்டில் மட்டும் ஏன் பார்ப்பதில்லை?

தீர்மானத்துக்கு வருவோம். விற்கவே கூடாது என்பதை நாம் ஏற்கவில்லை. நாம் நிறுத்தினால் பிள்ளைகள் போனில் வாங்குவார்கள், அங்கே எது அசல் என்று சொல்ல யாரும் இல்லை. ஆனால் எப்படி விற்கிறோம் என்பதில் நம் கடைகள் ஒழுங்காக இல்லை. சரத்தை மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில், ஆறு வயசுப் பிள்ளை கைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்க விடுகிறோம். அதைப் பின் அலமாரிக்கு ஏற்றினால் என்ன குறைந்துவிடும்? வேண்டுமென்பவன் கேட்டு வாங்குவான். சில்லறை இல்லை என்று சாக்லேட் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது அட்டைப் பாக்கெட் கொடுக்கிறார்கள். பருப்பு வாங்க அனுப்பிய தாய்க்கு மீதிக் காசு வர வேண்டுமே தவிர பிக்காச்சு வரக் கூடாது. இன்னும் இரண்டொரு கடையில், அரிய அட்டை கொண்டு வந்தால் 100 ரூபாய் தருகிறேன் என்று கடைக்காரரே விலை சொல்வதாகக் கேள்விப்படுகிறோம். இதைத்தான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறோம், செய்யாதீர்கள். அட்டையைப் பிள்ளைகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் வரை அது விளையாட்டு. கல்லாவிலிருந்து பணம் வெளியே வந்து அதற்குப் பரிசாகிவிட்டால், கூட்டத்தில் அந்த உறுப்பினர் சொன்ன சொல்லுக்கு நாம் பதில் சொல்ல முடியாது.

இந்திரா நகர்க் கடைக்காரர் அந்தப் பையன் வீட்டை விசாரித்து, பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மா வாங்கிக்கொண்டாரே தவிர, மளிகைக் கணக்கு நாலு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தது, அதுவும் பாதியாக. பையனுக்கு நம் பேரன் தன்னிடம் இரண்டாகக் கிடந்த அட்டைகளில் முப்பதை எடுத்துக் கொடுத்துவிட்டான். எல்லாம் அசல்.

அடுத்த கூட்டத்துக்கு அசல் பாக்கெட் ஒன்றும் போலி ஒன்றும் எடுத்து வருகிறோம். போலியில் 28 பெட்டி இன்னும் நம் கிடங்கில் மேல் தட்டில் இருக்கிறது. உறுப்பினர்கள் கையில் எடுத்துப் பார்த்து, கிழித்தும் பார்த்துவிட்டு, பிறகு தீர்மானத்தைப் பேசலாம். தேநீர் வருவதற்கு முன்பாகவே இதை எடுத்துக்கொள்ளும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம்.